புது மொபைலின் பேட்டரி: ஒரு நாள் தாங்கவும், பல வருடம் உழைக்கவும்



இன்று நம் வீடுகளில் மொபைல் என்பது பேசுவதற்கு மட்டுமான பொருள் அல்ல. பேங்க் ஓ.டி.பி. வருவதும், கேஸ் சிலிண்டர் புக் செய்வதும், பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து தகவல் வருவதும், வெளிநாட்டில் இருக்கும் மகன் வேலை முடிந்து முகம் பார்த்துப் பேசுவதும் அதில்தான். தனியாக இருக்கும் உம்மாவின் போன் "ஸ்விட்ச் ஆஃப்" என்று வந்தால், அங்கே இருக்கும் பிள்ளைக்கு அன்று இரவு தூக்கம் இல்லை. விசாரித்தால் உம்மா நலமாக இருப்பார். போனில்தான் சார்ஜ் இருந்திருக்காது.

இன்னொரு பக்கம் செலவு. பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் கொடுத்து, சிலர் மாதத் தவணையில், போன் வாங்குகிறோம். இரண்டு வருடம் ஆவதற்குள் "பேட்டரி நிக்க மாட்டேங்குது" என்று அதை ஓரம் கட்டிவிட்டு அடுத்ததைப் பார்க்கிறோம். போனில் மற்ற எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். பேட்டரியை மட்டும் முதல் நாளிலிருந்து சரியாகப் பேணியிருந்தால் அதே போன் நான்கு வருடம் ஓடியிருக்கும்.

ஆகவே, புதிதாக மொபைல் வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகளை இங்கே தருகிறோம். இதற்குப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் போதும். பேட்டரியைப் பற்றி நமக்கு இருப்பது ஒரு கேள்வி அல்ல, இரண்டு கேள்விகள். "இன்று ஏற்றிய சார்ஜ் இரவு வரை தாங்குமா?" என்பது ஒன்று. "இந்தப் பேட்டரி எத்தனை வருடம் உழைக்கும்?" என்பது மற்றொன்று. முதலாவது, போனை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. இரண்டாவது, எப்படிச் சார்ஜ் செய்கிறோம், எவ்வளவு சூட்டில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள்.

பேட்டரிக்குள் என்ன நடக்கிறது?

இன்றைய மொபைல்களில் இருப்பது லித்தியம் அயன் வகைப் பேட்டரி. 1991-ல் ஜப்பானின் சோனி நிறுவனம் இதை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பேட்டரிக்குள் இரண்டு பக்கங்கள் உண்டு. சார்ஜ் ஏறும்போது லித்தியம் துகள்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச் சேர்கின்றன. போனைப் பயன்படுத்தும்போது அவை பழைய பக்கத்துக்கே திரும்புகின்றன. இப்படிப் போய் வரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியம் உள்ளேயே படிந்து, திரும்ப உதவாமல் போய்விடுகிறது. பேட்டரிக்கு வயதாவது என்பது இதுதான். இதை முழுமையாகத் தடுக்க முடியாது. வேகத்தைக் குறைக்க முடியும்.

அந்த வேகத்தைக் கூட்டுபவை முக்கியமாக மூன்று. முதலாவது சூடு. இரண்டாவது, நூறு சதவீதம் நிறைந்த நிலையிலேயே மணிக்கணக்காக வைத்திருப்பது. மூன்றாவது, அடிக்கடி பூஜ்யம் வரை வற்ற விடுவது. இவற்றில் மோசமானது சூடு. நிறைந்த பேட்டரி சூட்டிலும் இருந்தால் சேதம் இரட்டிப்பு.

ஒரு பேட்டரி எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைச் 'சுற்று' என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு சுற்று என்றால் மொத்தமாக நூறு சதவீதம் செலவழிப்பது. இன்று 50 சதவீதமும் நாளை 50 சதவீதமும் செலவழித்தால் இரண்டு நாளும் சேர்ந்து ஒரு சுற்றுதான். எனவே சார்ஜரில் எத்தனை தடவை சொருகினோம் என்பது கணக்கே அல்ல. ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 14 வரையான போன்களுக்கு 500 சுற்று, ஐபோன் 15 முதல் 1,000 சுற்று முடிந்தும் 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும்படி வடிவமைத்திருப்பதாகச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் மாடல்கள் 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்பது சட்டம்.

இதை நம் வீட்டுக் கணக்குக்குக் கொண்டுவருவோம். 800 சுற்றுத் தாங்கும் போனில் தினமும் முழுச் சார்ஜையும் தீர்ப்பவருக்கு அது ஏறக்குறைய இரண்டு வருடம் இரண்டு மாதம். தினமும் 60 சதவீதம் மட்டும் செலவழிப்பவருக்கு அதே பேட்டரி மூன்றரை வருடத்தைத் தாண்டும். அதாவது, பகலில் சார்ஜை மிச்சப்படுத்துவது அன்றைய வசதி மட்டுமல்ல. பேட்டரியின் ஆயுளும் அதில் கூடுகிறது.

இன்னும் நடமாடும் பழைய பேச்சுகள்

"புது போனை முதலில் எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும்." தேவையில்லை. பெட்டியிலிருந்து எடுத்த உடனே பயன்படுத்தலாம். பழைய நிக்கல் வகைப் பேட்டரிகளின் காலத்தில் சொன்ன பேச்சு இது.

"முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்." இதுவும் நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்னது. பாதியில் சார்ஜ் போட்டால் அந்தப் பேட்டரி தன் கொள்ளளவை 'மறந்துவிடும்' என்பார்கள். லித்தியம் பேட்டரிக்கு அந்தக் குறை இல்லை. அடிக்கடி பூஜ்யம் வரை விடுவதுதான் இதற்குக் கெடுதல். 20, 30 சதவீதம் வரும்போதே போட்டுவிடுவது நல்லது.

"திறந்த ஆப்களை எல்லாம் உடனுக்குடன் தள்ளி மூட வேண்டும்." வீண் வேலை. ஓரமாக இருக்கும் ஆப்பைப் போனே உறங்க வைத்துவிடும். அதைத் தள்ளி மூடிவிட்டு மறுபடி முதலிலிருந்து திறந்தால்தான் கூடுதல் செலவு. ஒரு ஆப் உறைந்து நின்றால் மட்டும் மூடுங்கள்.

"சார்ஜ் போட்டால் கரண்ட் பில் ஏறும்." 5,000 எம்.ஏ.எச். பேட்டரியை ஒருமுறை முழுக்க நிரப்ப, வீணாவதையும் சேர்த்து, சுமார் 25 வாட்-மணி போதும். நாற்பது தடவை நிரப்பினால்தான் ஒரு யூனிட். தினமும் நிரப்பினாலும் வருடத்துக்குப் பத்து யூனிட்டைத் தொடாது. ஆகவே கரண்ட் பில்லுக்குப் பயந்து போனை வற்ற விட வேண்டாம்.

முதல் வாரம் செய்ய வேண்டியவை

புது போன் வாங்கிய இரண்டு மூன்று நாட்களில் "சார்ஜ் நிக்கவே இல்லையே, கடைக்காரர் ஏமாத்திட்டாரோ" என்று பலர் பதறுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த நாட்களில் பழைய போனிலிருந்து படங்கள் இறங்கும். ஆப்கள் எல்லாம் புதுப்பித்துக்கொள்ளும். போன் உங்கள் படங்களை வரிசைப்படுத்தும். நீங்கள் எதை எப்போது பயன்படுத்துகிறீர்கள் என்று கற்றுக்கொள்ளும். நாமும் புதுப் பொருள் என்று அதைக் கையிலேயே வைத்திருப்போம். ஒரு வாரம் கழித்துத்தான் உண்மை நிலை தெரியும்.

இந்த வாரத்தில் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். முதலில் வைஃபை இருக்கும் இடத்தில், சார்ஜில் வைத்தபடி, போனுக்கு வந்திருக்கும் அப்டேட்டை ஏற்றுங்கள். அடுத்து, போனுடன் தானாக வந்திருக்கும் வேண்டாத கேம்களையும் ஷாப்பிங் ஆப்களையும் நீக்குங்கள். நீக்க முடியாததை 'டிஸேபிள்' செய்யுங்கள். மூன்றாவதாக, வார முடிவில் செட்டிங்ஸில் பேட்டரி என்ற பகுதியைத் திறந்து, எந்த ஆப் எவ்வளவு தின்றிருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். நீங்கள் நாள் முழுக்கத் தொடாத ஆப் மேல்வரிசையில் இருந்தால் அதுதான் திருடன். அதன் பின்னணி வேலையைக் கட்டுப்படுத்துங்கள். தேவையில்லை என்றால் நீக்கிவிடுங்கள்.

பகல் முழுக்கச் சார்ஜ் தாங்க

திரை: பேட்டரியை அதிகம் குடிப்பது பெரும்பாலும் திரையின் வெளிச்சம்தான். வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் 'அடாப்டிவ் பிரைட்னஸ்' வசதியைப் போட்டு வையுங்கள். கையிலிருந்து கீழே வைத்தால் 30 நொடியில் திரை அணையும்படி அமைத்துக்கொள்ளுங்கள். திரை நொடிக்கு 120 தடவை புதுப்பிக்கும் போனாக இருந்தால், அதை 60 ஆகக் குறைப்பதாலும் சார்ஜ் மிச்சமாகும். வாட்ஸ்அப் பார்ப்பதற்கும் செய்தி படிப்பதற்கும் 60 தாராளம்.

கருப்புத் தோற்றம்: 'டார்க் மோட்' போட்டால் பேட்டரி நிற்கும் என்பது பாதி உண்மை. அமோலெட் வகைத் திரையில் கருப்பு இடம் எரியாது என்பதால் மிச்சம் உண்டு. எல்.சி.டி. திரையில் பின்விளக்கு எப்படியும் எரிவதால் பெரிய பலன் இல்லை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் அமோலெட் வகைத் திரை உள்ள போன்களில் அளந்து பார்த்தார்கள். வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்தில் இருந்தபோது டார்க் மோடில் சராசரியாக 3 முதல் 9 சதவீதம்தான் மிச்சமானது. முழு வெளிச்சத்தில் வைத்தபோது 39 முதல் 47 சதவீதம் வரை மிச்சமானது. ஆகவே வெயிலில் நின்று வேலை செய்பவருக்கு டார்க் மோட் நல்ல உதவி. வீட்டுக்குள் இருப்பவருக்கு வெளிச்சத்தைக் குறைத்தாலே போதும்.

சிக்னல்: டவர் சிக்னல் பலவீனமாக இருக்கும் இடத்தில், போன் தொடர்பைப் பிடித்து வைக்க அதிக சக்தி செலவழிக்கிறது. ஒரே போன் மாடியில் நாள் முழுக்கத் தாங்கி, கீழ்வீட்டின் உள்ளறையில் மாலையிலேயே தீர்வதற்கு இதுதான் காரணம். வீட்டில் வைஃபை இருந்தால் டேட்டாவுக்குப் பதில் அதைப் பயன்படுத்துங்கள். உங்கள் ஊரில் 5ஜி விட்டு விட்டு வந்தால் போனை 4ஜியிலேயே வைத்துவிடலாம். இரவு ரயிலில் ஊருக்குப் போகும்போது, யாருடைய அழைப்பும் எதிர்பார்க்காத நேரத்தில் 'ஏரோபிளேன் மோட்' போட்டால் காலையில் சார்ஜ் அப்படியே இருக்கும்.

வாட்ஸ்அப் குழுக்கள்: குடும்பக் குழு, தெருக் குழு, பழைய மாணவர் குழு என்று ஒவ்வொருவரும் பத்துக் குழுக்களில் இருக்கிறோம். வருகிற வீடியோ எல்லாம் தானாக இறங்கினால் டேட்டாவும் போகும், சார்ஜும் போகும், போனில் இடமும் நிரம்பும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதிக்குப் போய், படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். வேண்டியதை மட்டும் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். ஓயாமல் ஒலிக்கும் குழுக்களை 'மியூட்' செய்தால், அவை ஒவ்வொரு தடவையும் திரையை எழுப்பாது.

லொகேஷன்: நாம் இருக்கும் இடத்தை எல்லா ஆப்பும் எல்லா நேரமும் அறிய வேண்டியதில்லை. வாடகைக் கார் ஆப், மேப் போன்றவற்றுக்கு 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்ற அனுமதி போதும். டார்ச் ஆப்பும் கேமும் இடத்தைக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

மிச்சப்படுத்தக் கூடாத இடம்

பேட்டரியை மிச்சப்படுத்தும் ஆர்வத்தில் சிலர் எல்லா ஆப்களையும் கட்டுப்படுத்திவிடுகிறார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பல ஆண்ட்ராய்டு போன்கள் தாமாகவே பின்னணி ஆப்களைக் கடுமையாக நிறுத்திவிடுகின்றன. "வக்து ஆப்பில் பாங்கு சத்தம் வரவில்லை", "ஸஹருக்கு வைத்த அலாரம் அடிக்கவில்லை" என்று சொல்பவர்களின் போனில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

அதற்கு வழி எளிது. தொழுகை நேர ஆப்பின் பெயரை அழுத்திப் பிடித்து, அதன் தகவல் பக்கத்தில் பேட்டரி என்ற இடத்துக்குப் போங்கள். 'அன்ரெஸ்ட்ரிக்டெட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய ஆண்ட்ராய்டில் 'அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்' என்ற அனுமதியும் அதற்கு இருக்க வேண்டும். அதே சமயம் அந்த ஆப் எந்நேரமும் இருப்பிடம் பார்க்கத் தேவையில்லை. ஊர் பெயரைக் கையால் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டால், ஒரு நாளில் ஐந்து முறை சத்தம் எழுப்ப அது செலவழிக்கும் சார்ஜ் மிகச் சொற்பம். பயணம் போகும்போது மட்டும் ஊரை மாற்றிக்கொள்ளுங்கள். அலாரத்துக்குப் போனுடன் வந்த கடிகார ஆப்பே நம்பகமானது.

வெளிநாட்டு அழைப்புக்கும் இதே விதிதான். சாதாரண போன் அழைப்பும் எஸ்.எம்.எஸ்ஸும் பேட்டரி சேவர் போட்டிருந்தாலும் வரும். ஆனால் வாட்ஸ்அப், ஐ.எம்.ஓ., அமீரகத்திலிருந்து அழைப்பவர்கள் பயன்படுத்தும் போட்டிம் போன்ற ஆப்கள் பின்னணியில் நிறுத்தப்பட்டால், அங்கே மணி அடிப்பதுபோல் காட்டும். இங்கே போன் சும்மா இருக்கும். "கூப்பிட்டா எடுக்கவே மாட்டேங்கிறாங்க" என்ற மனவருத்தம் கூட இதனால் வந்திருக்கலாம். மகனோ கணவரோ எந்த ஆப்பில் அழைக்கிறாரோ அந்த ஒன்றை மட்டும் கட்டுப்பாடில்லாமல் விடுங்கள்.

பேட்டரி பல வருடம் உழைக்க

முதல் எதிரி சூடு என்று சொன்னோம். 35 டிகிரிக்கு மேலான சூட்டில் நீண்ட நேரம் வைப்பது பேட்டரியை நிரந்தரமாகப் பாதிக்கும். நம் ஊர்களில் சித்திரை, வைகாசியில் நிழலிலேயே அந்த அளவு வந்துவிடும். எனவே மூடிய காரின் முன்கண்ணாடி அருகிலும், வெயிலில் நிற்கும் பைக்கின் டேங்க் கவரிலும், அடுப்படித் திண்ணையிலும் போனை வைக்காதீர்கள். பைக்கில் மேப் பார்த்துக்கொண்டே சார்ஜ் போடும் டெலிவரி வேலைத் தம்பிகள், நிற்கும் இடத்திலாவது போனை நிழலுக்கு எடுத்துவிடுங்கள். சூடான போனைக் குளிரவைக்க ஃபிரிட்ஜில் வைப்பதும் தவறு. உள்ளே ஈரம் கோர்த்துவிடும். கவரைக் கழற்றி, சற்று நேரம் அணைத்து, காற்றோட்டமாக வைத்தால் போதும்.

சார்ஜில் போட்டுக்கொண்டே பிள்ளைகள் கேம் விளையாடுவது இரட்டைச் சூடு. சார்ஜ் ஏறுவதாலும் சூடு, கேம் ஓடுவதாலும் சூடு. வீட்டில் இதை ஒரு கட்டுப்பாடாகவே வையுங்கள்: சார்ஜில் இருக்கும் போன் விளையாட்டுக்கு இல்லை.

தலையணைக்கு அடியிலும் மெத்தை மேலும் வைத்துச் சார்ஜ் போடும் பழக்கத்தை அவசியம் விட வேண்டும். சூடு வெளியேற வழியில்லாமல் பேட்டரி கெடுவது ஒருபுறம். கோளாறான பேட்டரியாகவோ மட்டமான சார்ஜராகவோ இருந்தால் பஞ்சும் துணியும் தீப்பிடிக்கும் ஆபத்து மறுபுறம். மேசை, அலமாரி, தரை போன்ற கெட்டியான பரப்பில், தூங்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

அடுத்தது அளவு. முடிந்தவரை 20-க்கும் 80-க்கும் இடையில் ஓட்டுவது பேட்டரிக்கு மிகவும் இதமானது. அதற்காகக் கையில் கடிகாரம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. இன்றைய பல போன்களில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி உண்டு. ஐபோன் 15 முதல் இது இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 'பேட்டரி புரொடெக்‌ஷன்', 'சார்ஜிங் லிமிட்', 'அடாப்டிவ் சார்ஜிங்' என்று கம்பெனிக்கு ஒரு பெயர். பேட்டரி செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள். வீட்டிலேயே இருப்பவர்களுக்கு 80 போதும். வெளியூர் போகும் அன்று நூறு வரை ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஏற்றுவதால் ஒன்றும் ஆகிவிடாது.

இரவு முழுக்கச் சார்ஜில் விடலாமா? நல்ல சார்ஜராக இருந்தால் போன் நிறைந்ததும் அதுவே நிறுத்திக்கொள்ளும். அளவுக்கு மீறி ஏறாது. ஆனால் விடியும் வரை நூறிலேயே இருப்பது தினசரி நடந்தால் ஆயுள் குறையும். மேலே சொன்ன வரம்பைப் போட்டுவிட்டால் இந்தக் கவலை இல்லை. இல்லாத போனில், இரவு உணவு நேரத்தில் போட்டுப் படுக்கும் முன் எடுத்துவிடுவது நல்ல பழக்கம்.

ஊருக்கு வந்த பிள்ளைகள் விட்டுப்போன போன் பீரோவில் கிடந்தால், அதை நூறிலும் வைக்காதீர்கள், பூஜ்யத்திலும் வைக்காதீர்கள். பாதிச் சார்ஜில் அணைத்து வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி பாதி அளவுக்கு ஏற்றி வையுங்கள்.

சார்ஜரும் பவர் பேங்கும்

இப்போது பல போன்களின் பெட்டியில் சார்ஜர் வருவதில்லை. நூறு ரூபாய்க்கு ரோட்டோரத்தில் கிடைப்பதை வாங்கிச் சமாளிக்கிறோம். பதினைந்தாயிரம் ரூபாய் போனுக்கு இது நல்லதல்ல. வீட்டின் பாதுகாப்புக்கும் நல்லதல்ல. இந்தியாவில் விற்கப்படும் மொபைல் சார்ஜரும் பவர் பேங்கும் பி.ஐ.எஸ். பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்த முத்திரையுடன், ஆங்கில 'ஆர்' எழுத்தும் எட்டு இலக்கங்களும் கொண்ட எண் அச்சிட்டிருக்கும். அரசின் 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள் என்று காட்டும். காட்டவில்லை என்றால் வாங்காதீர்கள். சொந்தக் கம்பெனி சார்ஜரேதான் வேண்டும் என்பதில்லை. பதிவு பெற்ற, போனுக்கு ஏற்ற வாட் அளவுள்ள எதுவும் சரி. தோல் உரிந்த கேபிளையும், சொருகினால் ஆடும் பிளக்கையும் மாற்றிவிடுங்கள்.

உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் போகிறவர்கள் கவனிக்க: பவர் பேங்கை லக்கேஜில் போடக் கூடாது, கையில் கொண்டுபோகும் பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணிதான். எத்தனை கொண்டுபோகலாம், விமானத்துக்குள் பயன்படுத்தலாமா என்பதில் ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் தனி விதி உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கோடைக்கால ஹஜ்ஜில் அரஃபா, மினா வெயிலில் போனைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தால், சூடு தாங்காமல் போன் தானாகவே பல வேலைகளை நிறுத்திவிடும். வழி தவறினால் குழுவினரை அழைக்க அதே போன்தான் வேண்டும். எனவே வெயிலில் வீடியோ எடுப்பதைக் குறைத்து, போனைப் பைக்குள் வையுங்கள். குழுத் தலைவரின் எண்ணை ஒரு சீட்டிலும் எழுதிக் கழுத்து அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களின் போன்

வாப்பா, உம்மா, நன்னிக்குப் புது போன் வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள், பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து அமைத்துக் கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். சார்ஜ் சதவீதம் எண்ணாகத் தெரியும்படி வையுங்கள். வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். நீங்கள் அழைக்கும் ஆப்பைக் கட்டுப்பாடில்லாமல் விடுங்கள். 20 சதவீதம் வந்ததும் பேட்டரி சேவர் தானாக விழும்படி அமையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சார்ஜுக்கு ஓர் இடமும் ஒரு நேரமும் பழக்குங்கள். "அஸர் தொழுதுட்டு வந்து இந்தத் திண்டுல சொருகிடுங்க வாப்பா, மஃரிபுக்குப் போறப்ப எடுத்துக்கலாம்" என்று சொன்னால் அது நினைவில் நிற்கும். சதவீதக் கணக்கெல்லாம் அவர்களுக்கு வேண்டியதில்லை. குனிந்து கட்டிலுக்குப் பின்னால் பிளக்கைத் தேட வைக்காமல், இடுப்பு உயரத்தில் பிளக் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

பேட்டரிக்கு வயதாகிவிட்டால்

சதவீதம் திடீரென்று 30-லிருந்து 10-க்குக் குதிப்பது, 15 சதவீதம் இருக்கும்போதே போன் அணைந்துவிடுவது, சும்மா இருக்கும்போதே சூடாவது ஆகியவை அறிகுறிகள். ஐபோனில் பேட்டரி செட்டிங்ஸில் 'பேட்டரி ஹெல்த்' பார்க்கலாம். 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றும் நேரம். பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இதேபோன்ற பரிசோதனை உண்டு.

அந்த நிலையிலும் புது போன் வாங்குவது முதல் யோசனையாக இருக்க வேண்டாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி மாற்ற எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலும் அது புது போன் விலையில் ஒரு சிறு பங்காகத்தான் இருக்கும். வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள். வாரண்டி அட்டையில் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனிக் காலம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வாரண்டி இருந்தும் மாற்றித்தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் செய்யலாம்.

போனின் பின்மூடி உப்பினாலோ, திரை ஓரம் தூக்கிக்கொண்டாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அன்றிலிருந்து அதைச் சார்ஜ் போடக் கூடாது. அழுத்தவோ, குத்தவோ, கத்தியால் நெம்பவோ கூடாது. அணைத்து, எரியக்கூடிய பொருள் இல்லாத இடத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்து, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். புகை வந்தால் மெயின் சுவிட்சை அணைத்து, எல்லோரும் வெளியேறி, 101-க்கோ 112-க்கோ அழையுங்கள். பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்துவிடுங்கள்.

இன்றிரவே செய்யக்கூடியவை

1. திரை 30 நொடியில் அணையும்படியும், வெளிச்சம் தானாகக் குறையும்படியும் அமையுங்கள்.
2. வாட்ஸ்அப்பில் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள்.
3. சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும் வசதி இருந்தால் போடுங்கள்.
4. தொழுகை நேர ஆப்புக்கும் வெளிநாட்டு அழைப்பு ஆப்புக்கும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.
5. வீட்டில் எந்தப் போனும் தலையணைக்கு அடியில் சார்ஜில் இல்லை என்று படுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்த ஐந்துக்கும் பத்து நிமிடம் போதும். உங்கள் போனை முடித்ததும் வீட்டுப் பெரியவர்களின் போனையும், பக்கத்து வீட்டில் தனியாக இருப்பவர்களின் போனையும் வாங்கி இதையே செய்து கொடுங்கள். செட்டிங்ஸுக்குள் போகத் தெரியாதவர்களுக்கு அது பெரிய உதவியாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.